கலர் குடிச்சா தண்ணீர்க் கணக்கில் சேருமா?

கரிசல்காடு:
கட்டட வேலை, ரோடு வேலை, உப்பளம், பந்தல் வேலை என்று எங்கே பார்த்தாலும் பதினொரு மணிக்கு ஒரு முறை, மூணு மணிக்கு ஒரு முறை ஆளுக்கொரு கலர் (பாட்டில் குளிர்பானம்) வாங்கிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தண்ணீர் கேன் ஓரமாகக் கிடக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. கேட்டால் இரண்டு கட்சி. "கலர்ல தொண்ணூறு சதவீதம் தண்ணிதானே, உள்ள போனா தண்ணிதான்" என்பது ஒரு கட்சி. "கோலா குடிச்சா குடிச்சதைவிட ஜாஸ்தி மூத்திரமா போயிடும், உடம்பு காஞ்சிடும்" என்பது மறு கட்சி. எது சரி? "உடம்புக்குக் கெடுதல்" என்ற ஒற்றை வரி வேண்டாம். எவ்வளவு, எப்போது, ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சேஃப்டி மீட்டிங்கில் எடுத்துப் பேச வேண்டும்.

உப்புக்கணக்கு:
முதல் கட்சி சொல்வது சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சரி. இரண்டாவது கட்சி சொல்வது ஏறக்குறைய தப்பு.

2016இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். 72 ஆண்கள், 13 வகை பானங்கள். வெறும் வயிற்றில் ஒரு லிட்டரை அரை மணி நேரத்தில் குடிக்கவைத்து, அடுத்த நாலு மணி நேரம் சிறுநீரை அளந்தார்கள். வெறும் தண்ணீர் குடித்த அன்று வெளியேறிய சிறுநீரை, மற்ற பானம் குடித்த அன்று வெளியேறியதால் வகுத்தால் ஒரு எண் வரும். தண்ணீருக்கு 1. எண் கூடினால் உடம்பில் கூடுதலாகத் தங்கியது என்று பொருள். இரண்டு மணி நேரக் கணக்கில் பாலும் ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைக்) கரைசலும் 1.5ஐ ஒட்டி வந்தன. கோலா, டயட் கோலா, டீ, காபி எல்லாம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நின்றன, சொல்லும்படி வித்தியாசம் இல்லை. ஆக, கோலா உடம்பைக் காயவைக்கும் என்பது நிற்காது.

காஃபினை வைத்துத்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஒரே மூச்சில் 250 முதல் 300 மி.கி. உள்ளே போனால்தான் சிறுநீர் கண்ணுக்குத் தெரியும்படி கூடும். 330 மி.லி. கோலாவில் இருப்பது 30 முதல் 35 மி.கி. ஏழெட்டு கேனை ஒன்றாகக் கவிழ்த்தால்தான் அந்த எல்லை வரும். அதற்குள் வயிறு வேறு பதில் சொல்லிவிடும்.

கோலிசோடா1872:
அப்பாடா. இனி "சோடா குடிச்சா நீர் வத்தும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பதிவைக் காட்டலாம். அப்படியென்றால் வேலையிடத்தில் கலர் கொடுப்பதில் என்ன பிரச்சினை? தண்ணீரும் போகிறது, தெம்பும் வருகிறது.

உப்புக்கணக்கு:
அவசரப்படாதீங்க. நான் சொன்ன 72 பேரும் வேர்க்காதவர்கள், பேதி இல்லாதவர்கள், உடம்பில் நீர் குறையாதவர்கள். நீர் குறையாதவனுக்குத் தண்ணீர் கொடுத்தாலும் கலர் கொடுத்தாலும் ஒன்றுதான். வெயிலில் வேர்த்தவன், வயிற்றுப்போக்குக்காரன், சர்க்கரை ஏறிய நீரிழிவுக்காரன் ஆகிய மூன்று பேருக்குத்தான் நீர் உண்மையாகவே அவசரம். கலர் கைவிடுவதும் அந்த மூன்று இடத்தில்தான்.

குடலில் தண்ணீர் தானாக நடந்து போவதில்லை. சிறுகுடல் சுவரில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே தூக்கிப்போகும் ஒரு புரதம் உண்டு. இரண்டு சோடியத்துக்கு ஒரு குளுக்கோஸ் என்பது அதன் கணக்கு. அந்த ஜோடி உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே வரும். கோலாவில் குளுக்கோஸ் குவிந்து கிடக்கிறது, சோடியமோ லிட்டருக்கு 5 மில்லிமோல்கூட (உப்பாகச் சொன்னால் சுமார் 0.3 கிராம்) தேறாது. ஜோடியில் ஒரு ஆள் வரவே இல்லை.

அடுத்தது அடர்த்தி. நம் ரத்தத்தின் சவ்வூடு அடர்த்தி (அதில் கரைந்திருக்கும் உப்பு, சர்க்கரை போன்றவற்றின் செறிவு) 290ஐ ஒட்டி இருக்கும். கோலாவும் மற்ற கலர்களும் 550 முதல் 700 வரை போகும். உப்பு தடவிய மாங்காயில் நீர் கசிகிற மாதிரி, அடர்த்தியான திரவம் குடலுக்குள் இறங்கினால் முதலில் ரத்தப் பக்கமிருந்து தண்ணீர் குடலுக்குள் வரும். சர்க்கரை உறிஞ்சப்பட்ட பிறகுதான் அது திரும்பும். நல்ல குடலுக்கு இது சின்னத் தாமதம். பேதி கண்ட குடலுக்கு இது இன்னொரு பேதி.

வார்டு_எண்_7:
மேலே சொன்ன கடைசி வரியைக் குழந்தை வைத்திருக்கிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள். வாந்தி பேதி என்றதும் எலுமிச்சை வாசனைக் கலரைக் குலுக்கி, கேஸ் போக்கி, "கொஞ்சம் கொஞ்சமா குடி" என்று கொடுப்பது ஊர் முழுக்க நடக்கிறது. கேஸ் போனாலும் சர்க்கரை போகாது, உப்பு வராது. உலக சுகாதார நிறுவனத்தின் பேதி வழிகாட்டியில் குளிர்பானம், கடையில் விற்கும் பழச்சாறு, சர்க்கரை போட்ட டீ மூன்றையுமே தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஓ.ஆர்.எஸ். கொடுக்கும் முறை: ஒவ்வொரு தடவை தண்ணீராகப் போன பிறகும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மி.லி., 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., அதற்கு மேலே கேட்கும் அளவு. சின்னக் குழந்தைக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. டம்ளரோடு வாயில் வைத்தால் மடமடவென்று குடித்துவிட்டு வாந்தி எடுக்கும், "ஓ.ஆர்.எஸ். ஒத்துக்கலை" என்று பழி அதன்மேல் விழும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் திரும்பத் தொடங்க வேண்டும். கூடவே துத்தநாகம்: 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலும் சோறும் தொடரட்டும்.

கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், துவண்டு கிடந்தால் கரண்டியை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

திண்ணை மருந்தகம்:
கடையில் தினம் நடக்கும் தப்பு ஒன்று. பாக்கெட்டில் இரண்டு அளவு உண்டு. பெரியது சுமார் 21 கிராம், அது ஒரு லிட்டருக்கு. சின்னது 4 கிராம் சொச்சம், அது 200 மி.லி.க்கு. பெரிய பாக்கெட்டைப் பிரித்து, "இப்போதைக்குக் கொஞ்சம்" என்று டம்ளரில் ஒரு கை அள்ளிப் போடுகிறார்கள். அது உப்புக் குழம்பு. குழந்தைக்கு ரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வரைக்கும் போகலாம். பாக்கெட்டைப் பிரித்தால் முழுசையும் சொன்ன அளவுத் தண்ணீரில் ஒரே தடவை கரைக்க வேண்டும். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. ருசிக்காக மேலே சர்க்கரை போடாதீர்கள், போட்டால் கலராகிவிடும்.

லேபிளில் பார்க்க வேண்டியது: 1 லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம், சவ்வூடு அடர்த்தி 245. இது 2002இல் வந்த திருத்திய கணக்கு. அதற்கு முந்தையது 311. அடர்த்தியைக் குறைத்ததும் மலத்தின் அளவும் வாந்தியும் குறைந்தன. மேலே உப்புக்கணக்கு சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கோலிசோடா1872:
அட்டை டப்பாவில் ஸ்ட்ராவோடு, ஆப்பிள் படம், ஆரஞ்சு படம் போட்டு மருந்துக்கடையிலேயே விற்றார்களே, அதுவும் ஓ.ஆர்.எஸ். என்றுதானே எழுதியிருந்தது?

திண்ணை மருந்தகம்:
பெயரில் அந்த மூன்று எழுத்து இருந்தது, உள்ளே இல்லை. சர்க்கரை பல மடங்கு, உப்பு சொற்பம். பேருக்கேற்ற சரக்கு இல்லை என்று ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் விடாமல் போராடினார். 2022 ஜூலையிலும் 2024 பிப்ரவரியிலும், "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கரைசல் அல்ல" என்று சின்ன எழுத்தில் போட்டால் போதும் என்று அனுமதி கொடுத்திருந்த உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2025 அக்டோபர் 14இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. தரமான கரைசல் தவிர வேறெந்தப் பானத்தின் பெயரிலும், முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோகூட, அந்தச் சொல் வரக் கூடாது. வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள். மேலே கொடுத்த நாலு எண்ணைப் பாருங்கள்.

வடமராட்சியான்:
இலங்கையில் "ஜீவனி" என்று கேட்டாலே பார்மசியில் எடுத்துத் தருவினம், அந்தப் பெயரே ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பொதுப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. பைக்கெற் கிடைக்காத நேரத்துக்கு வீட்டுக் கணக்கும் எழுதிவிடுங்கோ.

வார்டு_எண்_7:
ஒரு லிட்டர் ஆறிய தண்ணீர், தலைதட்டின ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டின அரைத் தேக்கரண்டி உப்பு. தலைதட்டுவதுதான் முக்கியம், கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். கல்லுப்பைக் கரண்டியால் அளக்கக் கூடாது, இடைவெளி விழுவதால் அளவு மாறும். தூள் உப்புதான். கலந்ததும் ருசி பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். இதில் பொட்டாசியம் கிடையாது, பாக்கெட் வாங்கி வரும் வரைக்கும் தாங்கும், அவ்வளவுதான். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. மாவுச்சத்து குடலில் மெதுவாகத்தான் குளுக்கோஸாக உடையும், அதனால் அடர்த்தி ஏறாது.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்கானில் அகதி முகாமில் காலரா வந்தது. சலைன் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்மில் வைத்து, நோயாளியின் வீட்டாரையே எடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இவ்வளவு மலிவான வைத்தியத்தை வைத்துக்கொண்டு கலர் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருக்கிறோம்.

கரிசல்காடு:
பேதி விஷயம் தெளிவு. வெயில் வேலைக்கு வாங்க. அதுதான் என் கேள்வி.

உப்புக்கணக்கு:
வெயிலில் கடும் வேலை செய்கிறவனுக்கு மணிக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை வேர்க்கும். வேர்வையில் லிட்டருக்கு 20 முதல் 80 மில்லிமோல் சோடியம், ஆளுக்கு ஆள் மாறும். நடுவே 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஷிப்ட்டில் 4 லிட்டர் வேர்த்தால் 160 மில்லிமோல், சமையல் உப்பாகச் சொன்னால் 9 கிராமுக்குச் சற்று மேலே. சட்டையில் வெள்ளை வரி விழுந்திருப்பது இதுதான்.

இதில் பாதி நீரைக் கலரால் ஈடுகட்டுகிறார் என்று வையுங்கள். 2 லிட்டர். 100 மி.லி.க்கு 10 முதல் 11 கிராம் சர்க்கரை என்றால் 200 கிராமுக்கு மேல். ஒரு நாளைக்கு 50 கிராம் தாண்டக் கூடாது, 25க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. ஒரே ஷிப்ட்டில் நாலு நாள் பங்கு முடிந்தது. உப்போ வந்த பாடில்லை.

கலர் தாகத்தையும் ஏமாற்றும். சில்லென்ற குளிர்ச்சியும் நுரையும் வாயில் பட்டதுமே தாகம் அடங்கின மாதிரி இருக்கும், கேஸ் வயிற்றை நிரப்பும். 200 மி.லி. குடித்ததுமே போதும் என்று தோன்றிவிடும், உடம்புக்கு வேண்டியது 600 ஆக இருக்கலாம். தண்ணீர் கேன் ஓரமாகக் கிடப்பதாகச் சொன்னீர்களே, ஒரு காரணம் இதுதான்.

கோலிசோடா1872:
இது எல்லாம் கணக்கு. நடைமுறையில் எவன் செத்தான்?

உப்புக்கணக்கு:
சாவதை வைத்து அளப்பது சேஃப்டி மீட்டிங் இல்லை அண்ணே, துக்க வீடு.

2019இல் அமெரிக்காவில் 12 ஆரோக்கியமான ஆட்களை வைத்து இதே கேள்வியைச் சோதித்தார்கள். 35 டிகிரி சூட்டில் நாலு மணி நேர வேலை, நடுநடுவே ஓய்வு. ஒரு நாள் 2 லிட்டர் காஃபின் உள்ள குளிர்பானம், இன்னொரு நாள் அதே அளவு தண்ணீர். குளிர்பானம் குடித்த அன்று வேலை முடிந்ததும் 75 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் நிலைக்கான ரத்த அளவுகள் தெரிந்தன, தண்ணீர் அன்று 8 சதவீதம். ரத்தத்தில் யூரிக் அமிலமும், வாசோப்ரெசின் என்ற நீர்ச்சேமிப்பு ஹார்மோனின் அடையாளமும் கூடியிருந்தன.

பன்னிரண்டே பேர், அதுவும் தற்காலிக மாற்றம், ஆகவே "கலர் குடித்தால் கிட்னி போகும்" என்று இதை வைத்துப் பலகை எழுதக் கூடாது. ஆனால் காரணத்துக்கு உயிரியல் அடிப்படை உண்டு. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். அது உடைபடும்போது யூரிக் அமிலம் உண்டாகும். உடம்பு காய்ந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகம் ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்து தவிக்கும், அப்போது இந்தச் சுமையும் சேரும். ஒரு நாள் என்றால் ஆறிவிடும். கோடை முழுக்க, வருஷக்கணக்கில் என்றால்தான் கவலை.

வடமராட்சியான்:
வடமத்திய மாகாணத்தில், அனுராதபுரம் பொலன்னறுவைப் பக்கம், வயல் வேலை செய்யிற ஆக்களுக்குக் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. கிணற்றுநீரின் புளோரைட்டும் கடினத்தன்மையும் என்று ஒரு பக்கம், பூச்சிமருந்து என்று ஒரு பக்கம், வெயிலும் நீரிழப்பும் என்று இன்னொரு பக்கம். ஆந்திராவில் உத்தானம், மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டங்கள் எல்லாம் இதே கதைதான். இதைக் குளிர்பானத்தின் தலையில் கட்டுவது பிழை. வெயிலில் காய்கிற சிறுநீரகத்தைக் கவனமாகப் பார்க்கவேணும் என்பதற்கு மட்டும் இது சான்று.

உப்புக்கணக்கு:
சரியான இடத்தில் பிரேக் போட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

கரிசல்காடு:
சரி, கலரை நிறுத்தினால் பதிலுக்கு என்ன? "தண்ணி குடிங்க" என்று சொன்னால் நடக்காது. செலவும் கட்டுபடியாக வேண்டும்.

உப்புக்கணக்கு:
15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், சுமார் 240 மி.லி. தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. அதே சமயம் மணிக்குச் சுமார் 1.4 லிட்டருக்கு மேல் போகவும் கூடாது. வெறும் தண்ணீரை வீம்புக்குக் குடித்து ரத்தத்தில் சோடியம் இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வெயில் மயக்கம் மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் நிலைமை முற்றும்.

மூணு வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு உப்பு சாப்பாட்டிலேயே வந்துவிடும், அதுவும் ஊறுகாய், கருவாடு, ரசம் உள்ள சாப்பாடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேர்க்கிற வேலை, காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வருகிற ஆள் என்றால்தான் பானத்திலேயே உப்பு வேண்டும்.

20 லிட்டர் கேனுக்கு: தூள் உப்பு 24 கிராம் (தலைதட்டின நாலு முதல் ஐந்து தேக்கரண்டி), சர்க்கரை 400 கிராம், எலுமிச்சை பத்துப் பன்னிரண்டு. சோடியம் லிட்டருக்கு 20 மில்லிமோல் வரும், விளையாட்டு வீரர்களுக்கு விற்கும் பானங்களின் அளவு அது. சர்க்கரை 2 சதவீதம்தான். 6 முதல் 8 சதவீதத்தைத் தாண்டினால் இரைப்பையை விட்டு இறங்கவே தாமதமாகும், குலுங்கக் குலுங்க வேலை செய்தால் வயிற்றைப் பிரட்டும். சர்க்கரையே போடாவிட்டாலும் தப்பில்லை.

நீர்மோர் என்றால் 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் தண்ணீர், தலைதட்டின ஒரு தேக்கரண்டி உப்பு. அவ்வளவுதான். பந்தலில் கொடுக்கும் மோரில் உப்பு இதைவிடப் பல மடங்கு இருக்கும், ருசிக்கு அது சரி, நாள் முழுக்கக் குடிக்க அது ஆகாது. ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகம் என்று மருந்து சாப்பிடுகிறவர்கள் உப்புப் பானத்தை டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம், அவர்களுக்குத் தனியாக வெறும் தண்ணீர் வைக்க வேண்டும்.

திண்ணை மருந்தகம்:
மோரில் கெடுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். காலையில் கலந்ததை மதியம் வரை வெயிலில் வைத்தால் புளித்து யாரும் தொடமாட்டார்கள். இரண்டு தடவையாகக் கலக்க வேண்டும், அல்லது ஈரச் சாக்கு சுற்றிய மண்பானை நிழலில். மீனுக்குப் போடும் ஐஸ் பாளத்தை உடைத்து உள்ளே போடுவதுதான் பெரிய தப்பு, அது குடிநீரில் செய்தது அல்ல. மோரை நம்பிக் குடித்தவர்கள் மறுநாள் பேதியோடு வார்டு_எண்_7 பக்கம் வந்து நிற்பார்கள்.

கோலிசோடா1872:
இளநீரை யாரும் பேசவில்லையே. இயற்கையான ஓ.ஆர்.எஸ். என்பார்கள்.

உப்புக்கணக்கு:
என்பார்கள்தான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. பேதிக்கும் வேர்வைக்கும் முதலில் வேண்டியது சோடியம். சாப்பாட்டோடு குடித்தால் அருமையான பானம், சர்க்கரையும் கலரில் பாதிக்குக் கீழே. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் வெயிலுக்கு இன்னும் பொருந்தும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், பொட்டாசியம் ஏற்றும் பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கும் மட்டும் இளநீர் ஆபத்து. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். "இயற்கைதானே" என்று டயாலிசிஸ் நோயாளிக்கு வெட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு.

கோலிசோடா1872:
என் பெயருக்கு ஒரு நீதி வேண்டும். வெறும் சோடா பாவம் செய்ததா? ஹைரம் காட் 1872இல் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்து அது தண்ணீரும் கரியமில வாயுவும்தான்.

உப்புக்கணக்கு:
வெறும் சோடா தண்ணீருக்குச் சமம், மேலே சொன்ன 13 பானத்தில் அதுவும் இருந்தது. எலும்பு கரையும் என்பது கட்டுக்கதை. பிரியாணிக்குப் பின்னால் சோடா குடித்தால் ஏப்பம் வரும், செரிமானம் வராது. அமில எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு நெஞ்செரிச்சலைக் கூட்டும். எலுமிச்சை சோடாவில் உப்பு மட்டும் போட்டுக் கேட்டால் வெயிலுக்குக் கலரைவிட எவ்வளவோ மேல். பன்னீர் சோடா, நன்னாரி சர்பத் என்றால் பாகின் அளவைப் பொறுத்தது. நன்னாரி வேர் என்பதற்காக அதிலுள்ள சர்க்கரை மூலிகையாகிவிடாது.

எலும்பில் கோலா கதை கொஞ்சம் வேறு. பெண்களிடம் தினம் கோலா குடிப்பதற்கும் இடுப்பெலும்பின் அடர்த்திக் குறைவுக்கும் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில் தொடர்பு தெரிந்தது, 2006இல். மற்ற கலர்களில் தெரியவில்லை. பாஸ்பாரிக் அமிலம்தான் காரணம் என்று உடனே சொல்லிவிடுவார்கள். ஆனால் பாலில் அதைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் உண்டு, கால்சியமும் கூடவே வருகிறது. கோலா வந்து பாலை இலையிலிருந்து தள்ளிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

வார்டு_எண்_7:
பல் விஷயம் இதைவிட உறுதியானது. கோலாவின் பி.எச். 2.5 பக்கம், எனாமல் கரையத் தொடங்குவது 5.5க்குக் கீழே. அளவைவிட நேரம் கெடுக்கும். 300 மி.லி.யை ஐந்து நிமிடத்தில் குடித்தால் எச்சில் வந்து அரை மணியில் சமன்படுத்திவிடும். அதே பாட்டிலை மேஜையில் வைத்து இரண்டு மணி நேரம் சப்பிக்கொண்டிருந்தால் பல் இரண்டு மணி நேரமும் அமிலத்தில் ஊறும். டயட் கோலாவும் இதில் விதிவிலக்கு இல்லை. குடித்ததும் வெறும் தண்ணீரால் கொப்பளிக்கலாம், உடனே பிரஷ் எடுக்கக் கூடாது. இளகிய எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். அரை மணி பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, எனர்ஜி டிரிங்க். பத்து இருபது ரூபாய்க்குப் பெட்டிக்கடையில் தொங்குகிறது, பள்ளிப் பிள்ளைகள் கையில் அதுதான். இந்திய விதிப்படி லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. காஃபின் இருந்தால் அது காஃபின் பானம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் ஏற்றதல்ல என்று லேபிளிலேயே போட வேண்டும். 250 மி.லி. பாட்டிலில் 75 மி.கி. வரை வரலாம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் குழந்தைகளுக்கு வைத்த எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. 25 கிலோ பிள்ளைக்கு ஒரே பாட்டிலில் அன்றைய எல்லை முடிந்தது.

வடமராட்சியான்:
லேபிள் பார்க்கத் தெரியாத ஆக்களுக்கு நிறம் உதவும். இலங்கையில் 2016 ஓகஸ்டிலிருந்து போத்தலில் சிவப்பு, மஞ்சள், பச்சை. 100 மி.லி.க்கு 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே பச்சை. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30இலிருந்து ஏ, பி, சி, டி என்று தரம். 10 கிராமைத் தாண்டினால் டி, அதற்கு விளம்பரமே செய்ய ஏலாது. இந்தியாவில் 100 மி.லி. எண்ணைத் தேடிப் பிடித்து நாங்களே பெருக்கிப் பார்க்கவேணும்.

கரிசல்காடு:
சிலர் "நான் ஜீரோ சுகர்தான் குடிக்கிறேன்" என்கிறார்களே?

திண்ணை மருந்தகம்:
நீர்க் கணக்கில் சேரும், சர்க்கரைக் கணக்கில் சேராது. 2023 ஜூலையில் அஸ்பார்டேமை (ஜீரோ சுகர் பானங்களில் போடும் இனிப்பூட்டி) உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை "புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பிருக்கலாம்" என்ற 2பி வகையில் சேர்த்ததும் ஒரே கூச்சல். அதே நாளில் உணவுச் சேர்க்கைக் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற பழைய தினசரி எல்லையை மாற்றவில்லை. 70 கிலோ ஆள் தினம் ஒன்பது கேனுக்கு மேல் குடித்தால்தான் அது உடையும். இளைப்பதற்கென்று இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அதே ஆண்டு மே மாதம் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிறவியிலேயே பீனைல்கீட்டோனூரியா (புரதத்தின் ஒரு கூறை உடம்பு உடைக்க முடியாத கோளாறு) உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

கீல்வாதம் உள்ளவர்கள் கவனிக்க: 46,000 ஆண்களை 12 வருஷம் தொடர்ந்த ஆய்வில், தினம் இரண்டு முறையோ அதற்கு மேலோ சர்க்கரைக் குளிர்பானம் குடித்தவர்களுக்கு கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கீல்வாதம்) அபாயம் 85 சதவீதம் கூடியிருந்தது. டயட் பானத்தில் அந்தத் தொடர்பு இல்லை. யூரிக் அமிலக் கதைதான் மறுபடியும்.

உப்புக்கணக்கு:
ஆரம்பத்தில் சொன்ன மூன்றாவது ஆள் பாக்கி இருக்கிறார், நீரிழிவுக்காரர். ரத்தச் சர்க்கரை 180ஐத் தாண்டினால் சிறுநீரில் குளுக்கோஸ் வழியத் தொடங்கும், போகிற வழியில் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். நா வறளும், தாகம் அடங்காது. அந்தத் தாகத்துக்குக் கலர் குடித்தால் சர்க்கரை இன்னும் ஏறும், இன்னும் நீர் போகும், இன்னும் தாகம். நோய் இருப்பதே தெரியாமல் ஒரு வாரம் இப்படிக் குடித்து, சர்க்கரை 500, 600 என்று மயங்கி வருகிறவர்கள் உண்டு. காரணமில்லாமல் அடங்காத தாகம், ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பது என்றால் கலர் பாட்டிலை வைத்துவிட்டு ரத்தம் சோதிக்க வேண்டும். "கோலா மூத்திரத்தைக் கூட்டும்" என்ற பேச்சு நிஜமாகிற ஒரே ஆள் இவர்தான், அதுவும் காஃபினால் இல்லை.

கோலிசோடா1872:
ஆனால் சர்க்கரைக்காரர்கள் பையில் ஒரு கலர் வைத்திருக்கச் சொல்வார்களே. அது எதற்கு?

திண்ணை மருந்தகம்:
தலைகீழ் நிலைமைக்கு. ஊசி போட்டோ மாத்திரை போட்டோ சாப்பிடத் தவறி, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் சாதாரணக் கோலா 150 மி.லி., அதாவது 15 கிராம் சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும், ஏறாவிட்டால் இன்னொரு 150. ஏறியதும் இரண்டு பிஸ்கட்டோ ஒரு இட்லியோ சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மணியில் மறுபடி இறங்கும். இந்த இடத்தில் ஜீரோ சுகர் பாட்டிலை நீட்டினால் ஆளே போய்விடலாம். சில பிராண்டுகளில் பாதி சர்க்கரை, பாதி இனிப்பூட்டி, ஆகவே பைக்குள் வைக்கும் முன்பே லேபிளைப் பார்த்து 15 கிராமுக்கு எத்தனை மி.லி. என்று மூடிமேல் எழுதி வையுங்கள். லண்டனில் இருக்கிறவர்கள் நம்பிக்கொண்டிருந்த லூகோசேட் என்ற குளுக்கோஸ் பானத்தில் 2017இல் சர்க்கரையை ஏறக்குறைய பாதியாக்கினார்கள், பழைய அளவிலேயே குடித்தால் போதாது.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை குடலில் உடையவே தாமதமாகும். அவர்களுக்குக் கலரை நம்ப வேண்டாம், குளுக்கோஸ் பொடி தலைதட்டின மூன்று தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும்.

கரிசல்காடு:
மீட்டிங்குக்கு எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று: ஆளுக்கு நீர் போதுமா இல்லையா என்று வேலையிடத்தில் எப்படிப் பார்ப்பது?

உப்புக்கணக்கு:
கழிப்பறைச் சுவரில் நிற அட்டை ஒட்டுங்கள். வைக்கோல் நிறம் என்றால் சரி, கடுங்காப்பி நிறம் நோக்கிப் போனால் நிழலில் உட்காரவைத்து நீர் கொடுக்க வேண்டும். காலையில் பி காம்ப்ளெக்ஸ் போட்டவருக்கு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் பளிச்சென்ற மஞ்சள்தான் வரும், அவரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடை போட்டால் இன்னும் துல்லியம், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் கடன். மதியத்துக்குள் ஒருவர் ஒரு தடவைகூடச் சிறுநீர் போகவில்லை என்றால் அவர் என்ன நிறத்தில் எத்தனை பாட்டில் குடித்திருந்தாலும் சரி, ஏணியில் ஏற்றாதீர்கள்.

கரிசல்காடு:
அட்டைக்கு ஆர்டர் கொடுத்தாச்சு. அப்புறம், கழிப்பறை வேண்டும் என்று முதலில் கேட்க வேண்டும் போல, பாதி சைட்டில் அதுவே இல்லை. பெண்கள் தண்ணீர் கேனைச் சீண்டாததற்குக் காரணம் கலர் இல்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.